கைநாட்டும் கையெழுத்தும்

விஜயதசமி நாளில் பேரக் குழந்தையின் விரலைப் பிடித்து, தட்டில் பரப்பிய அரிசியில் முதல் எழுத்தை எழுத வைக்கிறோம். கலைமகளுக்கு மிகவும் உகந்த வழிபாடு அது. அந்த விரல் நாற்பது வயதுப் பெண்மணியின் விரலாக இருந்தாலும் அன்னை ஏற்றுக்கொள்ள மாட்டாளா? இவ்வாறு எண்ணியதோடு நில்லாமல் செய்தும் காட்டியவர் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார்.

1886-ஆம் ஆண்டு பிறந்த அவருக்குப் பதினோராம் வயதில் திருமணம் நடந்தது. சிறிது காலத்திலேயே கணவரை இழந்தார். அக்கால வழக்கப்படி வீட்டுக்குள் முடங்கியிருக்க வேண்டியவரைப் பெற்றோர் துணிந்து படிக்க வைத்தனர். 1911-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர், தம்மைப் போலவே இளமையில் கணவரை இழந்த பெண்களை எழும்பூர் இல்லத்தில் சேர்த்துக்கொண்டு கற்பித்தார். அவருடைய சிற்றன்னை வாலாம்பாள் உடன் நின்று உழைத்தார்.

1912-இல் சாரதா மாதர் சங்கம் உருவாயிற்று. சுவாமி விவேகானந்தர் 1897-இல் தங்கியிருந்த ஐஸ் ஹவுஸ் மாளிகையே பிற்காலத்தில் இப்பெண்களின் விடுதியாயிற்று. அங்கிருந்து பலர் ஆசிரியைகளாக வெளிவந்தனர். வயது கடந்து படிக்க வந்த பெண்களுக்காக 1927-இல் சாரதா வித்யாலயா தொடங்கப்பட்டது. அது 1938-இல் இராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டது. 1956-இல் மயிலாப்பூர் மாதர் சங்கத்தின் வழியே வித்யா மந்திர் பள்ளியும் தோன்றியது. சில பெண்மணிகள் கூடி இட்ட வித்து இவ்வளவு தூரம் வளர்ந்தது.

வேலூர், ஆம்பூர்ப் பகுதிகளில் வங்கிப் பணியில் இருந்த நாட்களில் இதன் அருமையை நேரில் உணர்ந்தேன். தோல் பதனிடும் இடங்களிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் தாய்மார்கள் சம்பளப் பணம் எடுக்க வருவார்கள். பலர் கைநாட்டு வைப்பவர்கள். ஒருநாள் ஓர் அம்மாள் பணம் எடுக்கும் படிவத்தை என்னிடம் நீட்டி, "ஐயா, இதுல எவ்வளவு எழுதியிருக்கு?" என்று கேட்டார். அவர் எழுதச் சொன்ன தொகையைவிட ஐந்நூறு ரூபாய் கூடுதலாக இருந்தது. எழுதிக் கொடுத்தவர் வாசலிலேயே காத்திருந்தார். அந்த அம்மாள் அன்று கேட்டுவிட்டார். கேளாமல் போன மாதங்கள் எத்தனையோ!

பின்னர் மகளிர் சுய உதவிக் குழுக்கள் பரவின. குழுவின் கணக்கை இயக்க ஊக்குநரும் பிரதிநிதிகளும் கையெழுத்திட வேண்டும். ஆகவே எழுதத் தெரிந்த பெண், தெரியாத பெண்ணுக்குப் பெயரெழுதக் கற்றுக்கொடுத்தார். முதல்முறை கையெழுத்திட்டவர்கள் அந்தத் தாளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றதுண்டு.

"இந்த வயதில் படித்து என்ன ஆகப் போகிறது?" என்று சிலர் கேட்கலாம். பேருந்தின் ஊர்ப்பலகை, மருந்துச் சீட்டு, கைப்பேசியில் வரும் வங்கித் தகவல் ஆகியவற்றைத் தாமே படித்தறிய முடியும். இரகசிய எண்ணை அயலாரிடம் சொல்ல வேண்டிய நிலையும் நீங்கும்.

நம் ஆலயங்களில் திருவிளக்கு பூஜை நடத்தும் மகளிர் குழுக்கள் உள்ளன. அவர்களுள் ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் இருக்கிறார்கள். பிராகாரத்தைப் பெருக்கும் பெண்மணிக்கும், வாசலில் பூக்கட்டும் தாய்க்கும் எழுதத் தெரியுமா என்று அன்போடு விசாரியுங்கள். தெரியாதெனில், வெள்ளிதோறும் பூஜை முடிந்தபின் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் அவர்தம் பெயர், அடுத்து எண்கள், பிறகு பிள்ளைகளின் பெயர்கள் என்ற வரிசை போதும். ஒரு சிலேட்டும் பொறுமையும் தவிர வேறு செலவில்லை.

வரும் விஜயதசமிக்கு முன் ஒருவராவது கைநாட்டை விட்டுக் கையெழுத்திடட்டும். கலைமகள் அருள் புரிவாளாக.