வைட்டமின் ஃபேஷியலும் ஒரு கல்யாணப் பொண்ணும் (நீண்ட இழை)

1/ கொல்லிமலை பைல் நாட்டுல இருந்து 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி, அம்மாவோட ஒரு பொண்ணு ஓபிக்கு வந்துச்சு. அடுத்த மாசம் கல்யாணம். முகமெல்லாம் செக்கச் செவேல், கன்னத்துல நூல் நூலா ரத்தக் குழாய், தாடையில புதுசா முடி, பொடிப் பொடியா பரு. வெயில்ல நின்னா எரியுதுன்னு அழுதுச்சு.

2/ "ஏம்மா, முகத்துக்கு என்ன போட்ட?"
"பார்லர்ல வைட்டமின் சி ஃபேஷியல் பண்ணேன் டாக்டரம்மா. அந்தப் பளபளப்பு நிக்கணும்னா ராத்திரி இந்த வைட்டமின் ஏ கிரீம் போடச் சொன்னாங்க. நாலு மாசமா போடுறேன்."

3/ ட்யூபை வாங்கிப் பார்த்தேன். மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின். கடைக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. ட்ரெட்டினாயின் வைட்டமின் ஏ குடும்பம்தான். ஆனா கூட இருக்கும் மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு.

4/ மங்கு போன்ற பிரச்சனைக்கு, டாக்டர் கண்காணிப்பில், சில வாரங்கள் மட்டும் பயன்படுத்த வேண்டிய மருந்து இது. முதல் மாதம் முகம் வெளுக்கும், எல்லாரும் கேட்பாங்க. அப்புறம் தோல் மெலியும். நிறுத்தினா சிவந்து எரியும், பயந்துபோய் மறுபடி போடுவாங்க. கர்ப்பம் தரிக்கப் போற பெண்ணுக்கு ட்ரெட்டினாயினும் கூடாது.

5/ சரி, ஃபேஷியல்ல இருக்கிற வைட்டமின் சி? வெயில் பட்டா தோலில் ஃப்ரீ ரேடிக்கல்கள் உருவாகும். அதை அடக்குற ஆன்டிஆக்ஸிடன்ட்தான் வைட்டமின் சி, ஈ. அறிவியல் உண்மை. ஆனா தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆன சுவர். சரியான வடிவம், சரியான அமிலத்தன்மை, தினசரி பூச்சு இருந்தாதான் கொஞ்சமாவது உள்ளே போகும். காத்துப் பட்டா பழுப்பாகி வீணாகிடும். 20 நிமிஷம் பூசித் துடைச்சா என்ன மிஞ்சும்?

6/ அப்போ அந்தப் பளபளப்பு? மசாஜ்ல கூடுற ரத்த ஓட்டம், தேய்ச்சு எடுத்த இறந்த செல்கள், கிரீமோட ஈரப்பதம். ரெண்டு மூணு நாள் இருக்கும். பிடிச்சா பண்ணிக்கோங்க, தப்பில்லை. வைட்டமினுக்காகக் காசு கொடுக்காதீங்க.

7/ ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 65 மில்லிகிராம் வைட்டமின் சி (ஐசிஎம்ஆர், 2020). 100 கிராம் கொய்யாவுல 200க்கு மேல இருக்கு. இந்தப் பொண்ணுக்கு ஹீமோகுளோபின் 8.2 தான். வெளிறிப் போன முகத்தை "டல்"லுன்னு நினைச்சு ஃபேஷியலுக்கு 1500 ரூபாய் கொடுத்திருக்கு. வேண்டியது இரும்புச்சத்து மாத்திரை, கீரை, முட்டை, கூடவே ஒரு கொய்யா.

8/ மலையில குளிருதேன்னு வெயிலை மறந்துடாதீங்க. 1000 மீட்டர் ஏறினா புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். காட்டு வேலைக்குப் போறவங்க தலைத்துண்டு, குடை, முடிஞ்சா சன்ஸ்கிரீன். எந்த ஃபேஷியலைவிடவும் இது உருப்படி.

9/ லேபிளே இல்லாத டப்பா கிரீம் இன்னும் மோசம். கேரளாவில் மலப்புரம் பக்கம் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு வந்த பலர், பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம் போட்டவங்கன்னு 2023-ல் செய்தி வந்தது. முகத்தில் பூசினது கிட்னியில் போய் நின்னிருக்கு.

10/ 2018-லேயே இந்த ஸ்டீராய்டு கிரீம்களை மருந்துச் சீட்டு இல்லாம விற்கக்கூடாதுன்னு அரசு ஷெட்யூல் ஹெச்-ல சேர்த்துடுச்சு. ஆனாலும் கேட்டா கிடைக்குது. தோல் டாக்டரைப் பார்க்க மக்கள் மலை இறங்கணும், கிரீம் மட்டும் தானா மலையேறி வந்துடுது. சீட்டு கேட்காம இதை விற்கிறது வியாபாரம் இல்லை, குற்றம். தட்டிக் கேட்க வேண்டியது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. நாமளும்தான்.

11/ ட்யூபைத் திருப்பிப் பாருங்க. சிவப்புக் கோடு இருந்தாலோ, பேர் "சோன்", "சால்"னு முடிஞ்சாலோ சீட்டு இல்லாம தொடாதீங்க. ஏற்கனவே போட்டுட்டு இருந்தா திடீர்னு நிறுத்தாம டாக்டர்கிட்ட வாங்க. திட்ட மாட்டோம்.

12/ கிளம்பும்போது அந்தம்மா கேட்டாங்க: "கல்யாணத்துக்குள்ள வெளுத்துடுமா டாக்டரம்மா?" ஆறிடும்மா, கொஞ்ச மாசம் ஆகும்னு சொன்னேன். வெளுக்கணும்னு ஏன் நினைக்கிறீங்கன்னும் கேட்டேன். பதில் வரல. மாப்பிள்ளை வீட்டாரும் இந்த இழையைப் படிச்சா நல்லது. பகிருங்க.