காது ஏமாறும், ஜாக்கிரதை!

கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்க விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபையர் தேவையா? எடப்பாடியில் எங்கள் வீட்டில், பக்கத்து விசைத்தறி நின்ற நேரம் பார்த்து, இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை ஒரே ஜோடி ஸ்பீக்கரில் மாற்றி மாற்றி இணைத்துக் கேட்டேன். விலை அதிகமானதே இனிமையாகத் தெரிந்தது. பிறகு மல்டிமீட்டர் வைத்து இரண்டின் வால்யூமையும் சமமாக்கி, எது ஓடுகிறது எனச் சொல்லாமல் தம்பியை மாற்றச் சொன்னேன். சாஃப்ட்வேர் எஞ்சினியரான என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை!

சற்றே சத்தமாக ஒலிப்பதைத்தான் காது சிறந்தது என நம்பிவிடுகிறது. பெட்டியில் பி.எம்.பி.ஓ. வாட்ஸ் என்றிருந்தால் நம்பாதீர்கள். அதற்குப் பொதுவான அளவுமுறை கிடையாது. ஆர்.எம்.எஸ். வாட்ஸைப் பாருங்கள். அது இரு மடங்கானாலும் ஒலி 3 டெசிபல்தான் கூடும். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள். வித்தியாசம் அதில்தான் தெரியும்.