புதுக் கண்ணாடி போட்டதும் தரை ஆடுதா? கழற்றி வைக்காதீங்க!

இதைப் படிக்கும் மொபைலை இடதும் வலதுமாக வேகமாக ஆட்டிப் பாருங்கள். எழுத்துகள் கலங்கிவிடும். இப்போது மொபைலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, அதே வேகத்தில் தலையை மட்டும் 'இல்லை, இல்லை' என்று ஆட்டுங்கள். (கழுத்துவலிக்காரர்களுக்கு விலக்கு உண்டு!) எழுத்துகள் தெளிவாகவே தெரிகின்றன, இல்லையா?

காரணம், காதுக்குள் இருக்கிறது. தலை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை உள்காதில் உள்ள அரைவட்டக் குழாய்கள் அளந்து சொல்லும். உடனே கண்கள் தாமாகவே எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் போதும்.

போன மாதம் அம்மாவுக்கு மைனஸ் பவரைக் கூட்டிப் புதுக் கண்ணாடி வாங்கினோம். இரண்டே நாளில் அது டப்பாவுக்குள் போய்விட்டது. "நடந்தா தரையே ஆடுது. கடைக்காரன் தப்பா போட்டுட்டான்" என்றார்.

கடைக்காரர் மேல் தப்பில்லை. மைனஸ் கண்ணாடி உலகத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக் காட்டும், பிளஸ் பெரிதாக்கும். அதனால், தலை இவ்வளவு திரும்பினால் கண் இவ்வளவு திரும்ப வேண்டும் என்ற பழைய கணக்கு ஒத்துவராது. காட்சி வழுக்கும். அதுதான் அந்த ஆட்டம்.

ஆனால், கணக்கை மாற்ற முடியும். மைல்ஸ், ஃபுல்லர் என்ற ஆய்வாளர்கள் 1974-ல் வெளியிட்ட ஆய்வில், காட்சியை இரண்டு மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியைக் குரங்குகளுக்கு மாட்டிவிட்டார்கள். சில நாள்கள் கழித்து, கும்மிருட்டில் சோதித்தபோதும் அவற்றின் கண்கள் முன்பைவிட அதிகமாகத் திரும்பின. பார்க்க ஒன்றுமே இல்லாத இருட்டிலும் அப்படி என்றால், அனிச்சைச் செயலே புதிதாகக் கற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். கண்ணாடியைக் கழற்றியதும் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பின.

இதற்கு வாத்தியார், சிறுமூளை. ஒவ்வொரு முறை காட்சி வழுக்கும்போதும் அது பிழையைக் குறித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துகிறது. பிழையே தெரியாவிட்டால் எதைத் திருத்தும்? டப்பாவுக்குள் இருக்கும் கண்ணாடி எதையும் கற்றுத்தராது.

எனவே, புதுக் கண்ணாடியைத் தொடர்ந்து போட்டு, வீட்டுக்குள் நடமாடுங்கள். பழகும்வரை படிக்கட்டில் கவனம். வண்டி ஓட்ட வேண்டாம். இரண்டு வாரம் ஆகியும் தலைசுற்றல் நிற்காவிட்டால், கண் மருத்துவரிடம் பவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தால் காத்திருக்காமல் உடனே போங்கள்.

அம்மா? இப்போதெல்லாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே, "என் கண்ணாடி எங்கே?" என்று தேடுகிறார்!