ராத்திரி உதைக்கும் கால்

புனேக்கு வேலைக்கு வந்து பதினோரு வருஷம். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஊருக்கு போன். "அப்பா எப்படிம்மா இருக்கார்?" "நல்லா இருக்கார்ப்பா, இப்பத்தான் படுத்தார்." போன வருஷம் மே மாசம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகும் பதில் மாறவில்லை. நானும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவேன்.

பொங்கலுக்குப் போனபோது கூடத்தில் அப்பா பக்கத்தில் படுத்தேன். அப்போதுதான் தெரிந்தது. பகலில் இழுத்து இழுத்து நடக்கும் அந்த வலது கால், ராத்திரி ஒரு மணிக்கு வெடுக்கென்று மடங்கி விறைக்கிறது. அப்பா கத்திக்கொண்டு எழுகிறார். அம்மா காலை நீவி நீட்டிவிடுகிறாள். அரை மணியில் மறுபடியும். எட்டு மாசமாக இரண்டு பேருக்கும் தூக்கமில்லை!

"நரம்புத் தளர்ச்சி, அப்படித்தான் இருக்கும்" என்று யாரோ சொல்ல, மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் சண்டையே இந்த மாத்திரையோடுதான். பக்கவாதம் வந்தவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது சகஜம். தூக்க மாத்திரை அதை மோசமாக்கலாம். பாதி மயக்கத்தில் பாத்ரூமுக்கு எழுந்து விழுந்தால் இடுப்பெலும்பு போச்சு.

ராத்திரி ஆடும் கால் எல்லாம் ஒன்றல்ல. மூளையின் கட்டுப்பாடு குறைந்ததால் தசை இறுகி இழுப்பது ஒரு வகை. தூக்கத்தில் இருபது, நாற்பது விநாடிக்கு ஒரு தரம் பாதம் வெட்டுவது இன்னொன்று. படுத்ததும் குறுகுறுப்பு, எழுந்து நடந்தால் சரியாகிறது என்றால் அது வேறு. அதற்கு ரத்தத்தில் ஃபெரிட்டின் பார்த்து, இரும்புச்சத்து குறைந்திருந்தால் சரிசெய்ய வேண்டும். சில சமயம் வலிப்பாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. டாக்டர் பார்க்கிற பத்து நிமிஷத்தில் கால் சாதுவாக இருக்கும், அவர் மட்டும் என்ன செய்வார்?

அதனால் செல்போனில் மூன்று ராத்திரி வீடியோ எடுத்தேன். நரம்பியல் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, தசை இறுக்கம்தான் என்றார். மலச்சிக்கல், நிரம்பிய மூத்திரப்பை, படுக்கைப்புண், சதைக்குள் வளரும் நகம்கூட இழுப்பைத் தூண்டுமாம். அப்பாவுக்கு மலச்சிக்கல் இருந்தது. அதற்கு வைத்தியம், படுக்கும் முன் காலை நீட்டும் பயிற்சி, சிறுநீரகச் சோதனை பார்த்துவிட்டு ராத்திரி கொஞ்சமாக பேக்லோஃபென். அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். மாத்திரை தீரும்வரை காத்திருக்கக் கூடாது. அளவு கூடினால் கால் துவண்டுவிடும். அந்த விறைப்பை ஊன்றித்தான் சிலர் நிற்கவே முடிகிறது. அதனால் நாமாகக் கூட்டவும் கூடாது. ஒரே தசை மட்டும் ரொம்ப இறுகினால் போட்டாக்ஸ் ஊசியும் உண்டு.

முழுசாகக் குணமாகிவிடவில்லை. ஆனால் ஒரே மூச்சாக நாலைந்து மணி நேரம் தூங்குகிறார்.

வெளியூரில் இருக்கும் நமக்குப் பணம் அனுப்பத் தெரியும், ராத்திரி ஒரு மணிக்கு வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாது. அடுத்த லீவில் ஒரு ராத்திரி அவர்கள் பக்கத்தில் படுத்துப் பாருங்கள். நான் இப்போது போனைக் காலையில் போடுகிறேன். முதல் கேள்வி, "அம்மா, நீ தூங்கினியா?"