அளந்த பின் அகற்றுக

வெள்ளவத்தையில் என் வீட்டு வால்வு வானொலியின் உள்ளுறுப்புகளைக் களைந்து, இலக்கமுறைச் சுற்றொன்றை அமைக்க மாணவர் ஒருவர் முன்வந்தார். "முதலில் பழஞ்சுற்றை அளந்து பாரும், தம்பி" என்றேன்.

சிற்றலை ஒலிபரப்பு தளர்ந்தும் வலுத்தும் வந்துசேர்வது இயல்பு. அதனைச் சமன்செய்யும் கட்டுப்பாடு எத்துணை விரைவில் இயங்கவேண்டும் என்பதைச் சில தடையிகளும் கொள்ளளவிகளுமே தீர்மானிக்கின்றன. அது பேணற்குரிய குணம். பின்னணியில் வினாடிக்கு 100 அதிர்வுடன் எழும் உறுமலோ, முதுமையால் வறண்ட கொள்ளளவியின் குற்றம். அளவாமல் அமைப்பவர் குணத்தை இழப்பார், குற்றத்தையும் படியெடுப்பார்.

1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளை ஒப்புநோக்கியே பதிப்பித்தார். ஏடெழுதுவோர் பிழையையும் புலவர் சொல்லையும் பிரித்தறியாமல் நற்பதிப்பு ஏது?

பள்ளிகளில் புதியன புனையக் கற்பிக்கின்றோம். பழையன ஆராயக் கற்பிக்கின்றோமா? புதுமை வேண்டற்பாலதே. அறியாமல் அழிப்பது புதுமையன்று.