டீச்சர்ஸ், டீச்சர்கள், டீச்சர்மார்

தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும் வாழும் தமிழர் பேச்சில் ‘டீச்சர்மார்’, ‘டாக்டர்மார்’, ‘டிரைவர்மார்’ என்ற வடிவங்களைக் கேட்கலாம். கருத்தரங்கத் தமிழுக்கு இது ‘மலையாள வாடை’. சிவப்பு மைக்கு இது பிழை. ஆனால் அந்தச் சிவப்பு மைக்காரர்களே துறை அறையில் ‘ஸ்காலர்ஸ் வந்தாச்சா?’ என்று கேட்பார்கள்; பெற்றோர் கூட்டத்தில் ‘பேரண்ட்ஸ்கள்’ என்று இரண்டு மொழிப் பன்மைகளை ஒரே சொல்லில் அடுக்குவார்கள். அதில் எவருக்கும் எந்த வாடையும் அடிப்பதில்லை.

கடன் வாங்கிய பெயருக்கு யாருடைய பன்மை விகுதியைச் சேர்ப்பது என்பது தமிழுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. ஆங்கிலத்தில் ‘சிலபஸ்’ஸின் பன்மை ‘சிலபை’யா ‘சிலபஸஸ்’ஸா என்பது இன்னும் முடியாத வழக்கு. ‘சிலபை’ என்று எழுதினால் லத்தீன் படித்த மிடுக்கு வந்துவிடும் என்பது பலரது நம்பிக்கை. வேடிக்கை என்னவென்றால், அச்சொல்லே நல்ல லத்தீன் அன்று. சிசரோவின் கடிதங்களின் பழைய அச்சுப் பதிப்புகளில் ஒரு கிரேக்கச் சொல்லைத் தவறாகப் படித்ததால் பிறந்தது அது. பிழையாகப் பிறந்த சொல்லுக்குச் செம்மையான லத்தீன் பன்மை தேடுகிறார்கள். தமிழோ இந்த வம்புக்கே போகாமல் ‘ஃபார்முலா’வை வாங்கி, ‘விழாக்கள்’ போல ‘ஃபார்முலாக்கள்’ ஆக்கிக்கொண்டது. சொல் கடன், பன்மை சொந்தம். எல்லைத் தமிழர் ‘டீச்சர்’ என்ற சொல்லுக்குச் செய்திருப்பதும் இதைத்தான்.

‘ஆனால் மார் மலையாளம் ஆயிற்றே’ என்பர். அப்படியானால் நாயன்மார் அறுபத்துமூவரை எந்த மொழியில் சேர்ப்பது? சித்தூரை ஒட்டிய கொங்கு நாடு வழிபடும் அண்ணன்மார் சாமியை எங்கே அனுப்புவது? தமிழ்நாட்டு மேடைகளில் ‘தாய்மார்களே’ என்று விளிக்காத கட்சி உண்டா? தொல்காப்பியச் சொல்லதிகாரம் பலரைக் குறிக்கும் ஈறுகளுள் ஒன்றாக ‘மார்’ ஈற்றை எண்ணுகிறது. அங்கே அது வினைமுற்றோடு வருவது. பெயர்களில், தமிழ் அதைப் பெரும்பாலும் உறவுப் பெயர்களோடும் மதிப்புப் பெயர்களோடும் நிறுத்திக்கொண்டது. மலையாளம் மந்திரி, டாக்டர் என்று விரித்தது. எல்லைத் தமிழ் அந்த விரிவை அண்டை மொழியிடமிருந்து கற்றிருக்கலாம். விகுதியை அங்கிருந்து வாங்கவில்லை. அது வீட்டிலேயே இருந்தது.

‘செந்தமிழ்’ப் பன்மை என்று முன்வைக்கப்படும் ‘டீச்சர்கள்’ என்பதன் பிறப்பையும் பார்க்க வேண்டும். தொல்காப்பியத்தில் ‘கள்’ அஃறிணைப் பெயருக்கு உரியது, அங்கும் கட்டாயமில்லை. மனிதரைக் குறிக்கும் பெயரோடு அது ஒட்டியது பின்னைய வளர்ச்சி. குறளில் ‘பூரியர்கள்’, ‘மற்றையவர்கள்’ என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டி, நன்னூலில் பலர்பாலுக்கும் இடம்பெற்றுவிட்டது. ‘அவர்கள்’ என்பதில் ‘அர்’, ‘கள்’ என இரண்டு பன்மைகள் இருப்பதைக் கால்டுவெல் 1856இலேயே பேசியிருக்கிறார். இரட்டைப் பன்மையை நாகரிகம் என்று ஏற்றுக்கொண்ட தமிழ், ஒற்றைப் பன்மையைக் கொச்சை என்கிறது!

இன்னொன்று. எல்லைப் பேச்சில் ‘பஸ்மார்’ என்று ஒருவரும் சொல்வதில்லை. ‘மார்’ மனிதருக்கு மட்டுமே. இலக்கிய வழக்கின் ‘கள்’ மனிதரையும் மரத்தையும் ஒன்றாகப் பன்மைப்படுத்தும்போது, கொச்சை எனப்படும் இந்தப் பேச்சு உயர்திணை, அஃறிணை வேறுபாட்டைப் பன்மை விகுதியிலேயே காட்டுகிறது. இதை விதியின்மை என்று சொல்ல ஒரு மொழியியலாளருக்கு எப்படி நா எழும்?

பன்மை விகுதி எல்லா இடத்திலும் வேண்டும் என்ற எண்ணமும் பாடநூல் வளர்த்ததே. எண்ணுப்பெயர் முன்நின்றால் ‘பத்து பஸ்’ போதும். ‘பத்து பஸ்கள்’ என்பது ஆங்கில இலக்கணத்தின் நிழல். 2015இல் மூணாற்றின் தேயிலைத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் போனஸுக்காகத் தெருவில் அமர்ந்தபோது, அவர்கள் இயக்கத்தின் பெயர் ‘பெம்பிளை ஒருமை’ என்றே அறியப்பட்டது. ‘பெம்பிளை’யில் பன்மை விகுதி இல்லை. ‘ஒருமை’ என்றால் இலக்கண ஆசிரியருக்குச் சிங்குலர். அந்தப் பெண்களுக்கு ஒற்றுமை. கேட்டவர் எவரும் ‘எத்தனை பெம்பிளை?’ என்று குழம்பவில்லை.

தூய்மை காக்க விரும்புவோரின் அச்சம் பொய்யன்று. 1956 மொழிவழிப் பிரிவினையில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. மலையாளக் கற்றலைப் பள்ளிகளில் கட்டாயமாக்கும் சட்டம் 2017இல் வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளின் தமிழ் அங்கே நாள்தோறும் நெருக்கப்படுகிறது. அதனாலேயே கேள்வி கூர்மையாகிறது: தமிழ்வழி வகுப்பில் எஞ்சியிருக்கும் ஒரு மாணவியிடம், அவள் பாட்டி பேசும் தமிழ் தமிழே அன்று என்று சொல்வது யாருக்கு உதவும்? அம்மொழியை அழுத்துவது ஆசிரியர் பணியிடமும் பாடநூலும் தேர்வு மொழியும் சார்ந்த முடிவுகள். ‘மார்’ அதன் பகையன்று. வினாத்தாளில் பொதுவழக்கு வேண்டுமெனில் ‘ஆசிரியர்கள்’ என்று எழுதக் கற்றுக்கொடுப்பது எளிது. அதற்கு ‘டீச்சர்மார்’ பிழை என்று சொல்லவேண்டியதில்லை, எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்றால் போதும். எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளும் அப்படித்தான் கற்கிறார்கள்.

இதைவிடக் கெட்டது ஆய்வேடுகளில் நடப்பது. ஒலிப்பதிவில் தகவலாளர் ‘டீச்சர்மார் வந்தாங்க’ என்கிறார். எழுத்துப்பெயர்ப்பில் அது ‘ஆசிரியர்கள் வந்தார்கள்’ ஆகிவிடுகிறது. பிறகு, அதே ஏட்டின் முடிவுரையில், எல்லைப்புறத் தமிழின் தனிக்கூறுகள் மறைந்துவருகின்றன என்று ஒரு பத்தி வருத்தம்.