கடல் இல்லாத ஊரிலிருந்து ஒரு மடல்

பேரிடர் வரைபடங்களுக்குப் பொறுப்பான உயர் அதிகாரி அவர்களுக்கு,

பூதலூரிலிருந்து எழுதுகிறேன். மூன்று மனு கொடுத்தாயிற்று. மூன்றுக்கும் ரசீது இருக்கிறது. பதில் ஒன்றுக்குத்தான் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே ஒரு கடலோரக் கிராமத்தில். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா பக்கம் பூமி அதிர்ந்தபோது நம் கடிகாரத்தில் காலை ஆறரை. நாகைக் கரைக்குச் சுனாமி அலை வந்தது ஒன்பது மணி வாக்கில். இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது, சொல்லத்தான் ஆளில்லை. அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். அக்கா வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால், அதன் மேல் ஒரு சிறுபாலம், தாண்டினால் மேட்டுத் தெரு. இடுப்பில் பிள்ளையோடு அந்தப் பாலத்தில் ஓடித்தான் பிழைத்தாள்.

இங்கே சம்பா பால் பிடித்து நின்ற நேரம். அப்படியே போட்டுவிட்டுப் போனேன். யார் வீட்டுத் திண்ணையிலோ ஈரம் காயாத புடவையோடு உட்கார்ந்திருந்தாள். பேச்சு வரவில்லை. கையை நீட்டிப் பாலத்தைக் காட்டினாள்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அந்தப் பாலத்தைப் பெயர்த்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து இரண்டு பனங்கட்டைதான் பாலம். மழை நாளில் பாசி பிடித்துக் கிடக்கும். அக்கா இப்போது முட்டிவலிக்காரி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் அடி வைத்து அடி வைத்துத்தான் தாண்டுகிறாள்.

அப்புறம்தான் உங்கள் டிஜிட்டல் வரைபடம் வந்தது. சுனாமி வந்தால் எந்த வழியாக ஓடுவது என்று வீட்டுக்கு வீடு கோடு. நல்ல காரியம், நானே மெச்சினேன். அக்கா மகன் வாட்ஸப்பில் அனுப்பிய படத்தில் வீட்டிலிருந்து பச்சைக் கோடு புறப்பட்டு, வாய்க்காலில் பாலம் ஏறி, மேட்டுத் தெருவுக்குப் போகிறது. பாலத்தின் மேல் அம்புக்குறி வேறு! கஜாவுக்கு முந்தைய செயற்கைக்கோள் படத்தில் கோடு இழுத்திருக்கிறார்கள். சரிபார்க்க வந்த பையன்கள் பைக்கை விட்டே இறங்கவில்லையாம். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஒரு நாளைக்கு இத்தனை ஊர் என்று கணக்குக் கொடுத்து அனுப்பியவர் யார்?

மனுவோடு பனங்கட்டையின் போட்டோவும் வைத்திருந்தேன். கோப்பு என் முகவரியைப் பார்த்து எங்கள் பக்கத்து அலுவலகம் ஒன்றுக்குப் போய்விட்டது. அங்கிருந்து ஒருவர் போன் செய்தார்: "உங்க ஊர்ல ஏது சார் கடலு?" பிறகு வந்த பதில்: மனுதாரர் வசிக்கும் பகுதியில் கடற்கரை இல்லை, மனு முடித்துவைக்கப்படுகிறது. கடல் எங்கே, பூதலூர் எங்கே என்று பார்க்க ஒரு வரைபடம் போதுமே. உங்களிடம் இல்லாத வரைபடமா?

எச்சரிக்கை சொல்ல இப்போது ஆள் இருக்கிறது; 2007-லிருந்து ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. ஒடிசாவில் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாஹி என்று இரண்டு கிராமங்கள் 2020-லேயே 'சுனாமிக்குத் தயார்' என்று யுனெஸ்கோவிடம் பெயர் வாங்கிவிட்டன. அதற்குப் படம் மட்டும் போதாது. சனங்களைக் கூட்டி ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். இங்கேயும் எச்சரிக்கை நேரத்துக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ராத்திரி இரண்டு மணி, கரண்ட் இல்லை. பச்சைக் கோட்டை நம்பித் தெருவே வாய்க்காலுக்கு ஓடும். முன்னால் போகிறவன் நின்றுவிடுவான். பின்னால் வருகிறவன் நிற்கமாட்டான்.

கடல் இல்லாவிட்டாலும் தண்ணீர் எங்களுக்கும் தெரியும். கொள்ளிடத்தில் பெருவெள்ளம் விட்டால், டார்ச்சும் கையுமாகக் கரையை நடந்து பார்ப்போம். கரையில் எலி வளை எங்கே என்று எந்தச் செயற்கைக்கோள் சொல்லும்?

ஒரு நாள் வாருங்கள். வண்டியை மேட்டுத் தெருவில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்க வேண்டாம். அக்கா வீட்டு வாசலில் இறங்கி, உங்கள் பச்சைக் கோட்டிலேயே நடங்கள். ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். பயமாக இருந்தால் அக்கா கை கொடுப்பாள்.

இந்த மடலையும் எங்காவது அனுப்பிவைக்கத் தோன்றினால், முகவரியைப் பார்த்து அனுப்பாதீர்கள். பூதலூரில் கடல் இல்லை. நீங்கள் எழுதித் தெரிவிக்கும் முன்பே எனக்கு அது தெரியும்.

இப்படிக்கு,
அக்காவின் தம்பி,
பூதலூர்.